வகுப்பறைத் திருப்புதலும் இணைய வினாடி வினா விளையாட்டுகளும்: ஒரு வரலாறு

இணைய வினாடி வினா விளையாட்டு என்பது, நடத்தி முடித்த பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதற்காக ஆசிரியர் தொகுத்த கேள்விகளை இணையத்தின் வழியே வகுப்பு முழுவதற்கும் விடுத்து, விடைகளை உடனுக்குடன் திருத்தி, புள்ளிகளையும் தரவரிசையையும் காட்டும் மென்பொருளாகும். நார்வேயில் தோன்றிய கஹூட், பெங்களூரில் தோன்றிய குவிசிஸ், அமெரிக்காவில் தோன்றிய சாக்ரேட்டிவ், குவிஸ்லெட் லைவ், கிம்கிட் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

திறன்பேசி வந்த பிறகு முளைத்த புதுமை என்றே பலரும் இவற்றைக் கருதுகின்றனர். ஆனால் இவற்றின் உறுப்புகள் தனித்தனியே பழையவை. விடையை உடனே திருத்திச் சொல்லும் பொறிக்கு நூறு வயதாகிறது. முந்தியவனுக்கு முதலிடம் என்னும் வழக்கம் அதற்கும் முந்தியது. நம் திண்ணைப் பள்ளிகளிலேயே இருந்தது. இவ்விரண்டும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்து, 2013 வாக்கில் ஒரே திரையில் கலந்தன. பாடம் நினைவில் தங்க உதவுவது முதலாவது. வகுப்பைக் கூச்சலிட்டுக் குதிக்க வைப்பது இரண்டாவது. இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொள்வதால்தான், விடை தெரிந்தும் விரைவில்லாத பிள்ளை பட்டியலின் அடியில் போய் நிற்க நேர்கிறது.

முந்தியவனுக்கு முதலிடம்

1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பல், தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை மாகாண அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும் என்று அதில் குறிப்பிட்டுள்ளார். இரண்டாவதாக வருபவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சுழி இடப்படும். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வோர் அடி கூடுதல். இன்றைய தரவரிசைப் பலகையின் மூதாதை இதுவே எனலாம். அடி மட்டும் போய்விட்டது.

இதற்கும் முன்னர், 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராக ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் பணியாற்றினார். நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் காப்பகத்திலும் புகுத்தினார். தெரிந்த மாணவன் தெரியாதவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையை ஒழுங்குபடுத்தி, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். மதராஸ் முறை என்று பெயர் பெற்ற அந்த முறையில் இடம் பிடித்தல் என்றோர் உறுப்பு உண்டு. மாணவர்கள் தகுதி வரிசைப்படி நிற்பர். ஒருவன் தவறினால், அதைத் திருத்திச் சொன்னவன் அவனுக்கு மேலே ஏறிக்கொள்வான். ஒரு பாடவேளைக்குள் வரிசை பலமுறை மாறும்.

நம் பள்ளிகளில் இதன் முரட்டு வடிவம் ஒன்று வெகுகாலம் நீடித்தது. விடை சொன்னவன், சொல்லத் தெரியாமல் நின்ற அனைவர் தலையிலும் குட்டிக்கொண்டே போவான். அறுபதைக் கடந்த வாசகர்கள் பலர் குட்டியும் இருப்பார்கள், குட்டுப்பட்டும் இருப்பார்கள்.

திருத்தும் பொறி

அமெரிக்காவின் ஓஹியோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த சிட்னி பிரெஸ்ஸி, 1920களில் ஒரு சிறு பொறியை அமைத்தார். தட்டச்சுப் பொறியைப் போன்ற அதில் நான்கு விசைகள் இருந்தன. மாணவர் கேள்வியைப் படித்து, நான்கு விடைகளுள் ஒன்றுக்குரிய விசையை அழுத்த வேண்டும். பொறி சரியான விடைகளை எண்ணிக்கொள்ளும். 1926இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், பொறியை இரண்டு விதமாக இயக்கலாம் என விளக்கினார். முதல் விதத்தில் அது தேர்வு வைக்கும். எதை அழுத்தினாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஒரு நெம்புகோலை மாற்றினால் அது கற்பிக்கும் பொறியாகும். சரியான விசையை அழுத்தும் வரை நகராது. குறித்த எண்ணிக்கையில் சரியான விடைகள் சேர்ந்ததும் ஒரு மிட்டாயை உதிர்க்கும் இணைப்பும் அதற்கு இருந்தது. இன்று திரையில் பொழியும் வண்ணக் காகிதத் துணுக்குகளின் வேலையை அன்று மிட்டாய் செய்தது.

இந்தப் பொறியில் கடிகாரம் இல்லை. மாணவர் அரைமணி நேரம் யோசித்தாலும் பொறி காத்திருக்கும்.

பொருளாதாரப் பெருமந்த காலத்தில் பொறியை வாங்குவோர் இல்லை. தனி ஒருவர் முயற்சியால் ஆவது சிறிதே என்ற வருத்தத்துடன் 1932இல் பிரெஸ்ஸி இப்பணியிலிருந்து ஒதுங்கினார். இருபது ஆண்டுகள் கழித்து இதை மீண்டும் கையில் எடுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பி. எஃப். ஸ்கின்னர். 1953 நவம்பரில் பெற்றோர் நாளில் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கச் சென்றார். இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. போட்ட கணக்கு சரியா தவறா என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. முந்துபவரும் பிந்துபவரும் ஒரே வேகத்தில் நடத்தப்பட்டனர். சில நாட்களில் ஒரு பொறியின் மாதிரியைச் செய்தார். 1954இல் பிட்ஸ்பர்க்கில் அதைச் செயல்படுத்திக் காட்டினார்.

ஸ்கின்னருக்கும் பிரெஸ்ஸிக்கும் இடையே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதை ஸ்கின்னர் ஏற்கவில்லை. மூன்று தவறுகளை நாமே அச்சிட்டுப் பிள்ளையின் கண்முன் வைப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய பொறியில் மாணவரே விடையை அமைக்க வேண்டும். வினாத்தாளில் 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' பகுதிக்குத் தவறான விடைகளைப் புனைந்து பழகிய எந்த ஆசிரியருக்கும் இந்த ஐயம் புதியதன்று. நன்றாகப் புனைந்த தவறு சில பிள்ளைகள் மனத்தில் நிலைத்துவிடும். சரியான விடையை உடனே சொல்லிவிட்டால் இந்தக் கேடு பெரிதும் குறைகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

திரும்பப் படிப்பதா, நினைவுகூர்வதா

தேர்வு என்பது கற்றதை அளக்கும் கோல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நினைவுகூர்தலே ஒரு கற்றல் என்பதைப் பெரிய அளவில் காட்டிய முதல் ஆய்வுகளுள் ஒன்று 1939இல் வெளிவந்தது. அயோவா மாநிலத்தில் 91 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 3,605 ஆறாம் வகுப்பு மாணவர்களை வைத்து எச். எஃப். ஸ்பிட்சர் அதை நடத்தினார். பாடம் படித்தவுடன் சிறு தேர்வு எழுதியவர்கள், வாரங்கள் கழித்தும் மற்றவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஆய்வு வெளிவந்து பல பத்தாண்டுகள் வரை வகுப்பறைகளில் யாரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் இதை மீண்டும் சோதித்தனர். ஒரு குழு பத்தியை இருமுறை படித்தது. மற்றொரு குழு ஒருமுறை படித்து, ஒருமுறை பாராமல் எழுதியது. ஐந்து நிமிடத்துக்குப் பின் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் 42 விழுக்காடும், பாராமல் எழுதியவர்கள் நினைவில் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன. தேர்வுக்கு முதல்நாள் இரவு சத்தமாகப் படித்துவிட்டு 'எல்லாம் வந்துவிட்டது' என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த இரவுக்கு அது உண்மை.

ரோடிகர் குழுவினர் அடுத்து இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியா நடுநிலைப் பள்ளிக்குச் சென்றனர். அங்கு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில், பாடத்தின் சில பகுதிகளுக்கு மட்டும் கைப்பொத்தான் கருவிகளைக் கொண்டு சிறு வினாடி வினா நடத்தினர். சில பகுதிகளைத் திரும்பப் படிக்க மட்டும் செய்தனர். 2011இல் வெளியான முடிவின்படி, வினாக்கள் கேட்கப்பட்ட பகுதிகளில் மாணவர் பெற்ற மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. திரும்பப் படித்தது அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அவர்கள் அளந்தது நினைவுகூர்தலின் பயனை. யார் முந்தினார் என்பதை அன்று.

கைப்பொத்தானும் மேடைப் போட்டியும்

கைப்பொத்தான் கருவியைக் கல்லூரிகளில் புகழ்பெறச் செய்தவர் ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். 1991 முதல் அவர் தம் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, ஒரு கருத்துக் கேள்வியைக் கேட்டு, மாணவர் அனைவரிடமும் விடை பெற்றார். தொடக்கத்தில் கை உயர்த்தச் சொன்னார். அட்டைகளைக் காட்டச் சொன்னார். பின்னர் கருவிகள் வந்தன. ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் விடையளிக்கச் செய்வார். வகுப்பின் மொத்த நிலை மட்டுமே திரையில் தெரியும். யாருடைய பெயரும் தெரியாது. இங்கும் வேகத்துக்குப் பரிசில்லை.

வேகத்துக்குப் பரிசு தரும் மரபு வானொலியிலும் மேடையிலும் தனியே வளர்ந்தது. அமெரிக்க வானொலியில் 1953இல் 'காலேஜ் பௌல்' தொடங்கியது. பிரிட்டனில் 1962இல் 'யுனிவர்சிட்டி சாலஞ்ச்' தொலைக்காட்சிக்கு வந்தது. முதலில் மணியை அழுத்தியவருக்கே விடை சொல்லும் உரிமை. இந்தியாவில் நீல் ஓ பிரையன் 1967இல் கல்கத்தாவில் பொது வினாடி வினாவை நடத்தினார். 1972 முதல் ஹமீது சயானி நடத்திய போர்ன்விட்டா வினாடி வினா வானொலி வழியே வீடுகளை எட்டியது. பள்ளி ஆண்டு விழாக்களில் பஸ்ஸர் சுற்றும் மின்னல் வேகச் சுற்றும் இடம்பெறத் தொடங்கின. 2000இல் 'கோன் பனேகா குரோர்பதி', அதைத் தொடர்ந்து சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' ஆகியவை நான்கு விடை, ஓடும் கடிகாரம், படபடக்கும் இசை ஆகியவற்றை வீட்டுக்கூடத்துப் பழக்கமாக்கின.

மேடையில் ஏறுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வர். மற்றவர்கள் பார்வையாளர்கள், அவர்களுக்கு இழப்பில்லை. இந்த வடிவத்தை நாற்பது பேரும் கட்டாயம் ஆட வேண்டிய வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் என்னவாகும் என்பது அப்போது எழாத கேள்வி.

டிராண்ட்ஹைம் நகரில்

நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியர் ஆல்ஃப் இங்கே வாங், 2006இல் 'லெக்சர் குவிஸ்' என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். கைப்பொத்தான் கருவிகளை விலைகொடுத்து வாங்குவானேன், ஒவ்வொரு மாணவர் சட்டைப் பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறதே என்பது அவரது எண்ணம். கேள்வி பெரிய திரையில் தோன்றும். விடை கைப்பேசியிலிருந்து போகும். விடைகளின் பரவலை மட்டும் காட்டும் முறை ஒன்றும், தவறியவர் வெளியேற, கடைசி வரை நிற்பவர் வெல்லும் முறை ஒன்றும் அதில் இருந்தன. அன்றைய கைப்பேசிகளில் இதற்கெனத் தனி நிரலை நிறுவ வேண்டியிருந்தது. வகுப்பின் முதல் பத்து நிமிடம் அதிலேயே போனால் திருப்புதலுக்கு நேரம் ஏது?

அந்தத் தடையை அடுத்த பதிப்புகள் நீக்கின. மார்டன் வெர்ஸ்விக், யோகன் பிராண்ட், ஜேமி புரூக்கர் ஆகியோர் வாங்கின் ஆய்வை அடியொற்றி 2012இல் கஹூட் நிறுவனத்தை உருவாக்கினர். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் அது முதன்முதலில் காட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. மாணவர் எதையும் நிறுவ வேண்டாம். கணக்கும் தொடங்க வேண்டாம். திரையில் தெரியும் பின் எண்ணை உலாவியில் இட்டு, ஒரு புனைபெயரைத் தட்டினால் போதும். புனைபெயர் என்றதும் பிள்ளைகள் என்னென்ன பெயர் இடுவார்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனமே பிற்பாடு தானாகப் பெயர் சூட்டும் வசதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கஹூட்டின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. கேள்வி மாணவர் கையில் இருக்கும் கருவியில் வராது. அதில் சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் ஆகியவை மட்டுமே தெரியும். கேள்வியைப் படிக்க எல்லோரும் தலை நிமிர்ந்து ஒரே திரையைப் பார்க்க வேண்டும். கைப்பேசி தலைகளைக் குனிய வைக்கும் காலத்தில் அதே கைப்பேசியைக் கொண்டு வகுப்பை நிமிர வைத்ததே இதன் வெற்றிக்குக் காரணம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்த 2020இல்தான் கேள்வியையும் கருவியிலேயே காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. நிறுவனம் 2019இல் ஆஸ்லோ பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2023இல் கோல்ட்மேன் சாக்ஸ் தலைமையிலான முதலீட்டாளர்கள் அதை வாங்க முன்வந்தனர். அதன்பின் பட்டியலிலிருந்து விலகியது.

கடிகாரத்தின் கணக்கு

கஹூட்டில் ஒரு கேள்விக்கு இயல்பாக அமைந்திருக்கும் நேரம் 20 வினாடி. பழந்தமிழ்க் கால அளவில் ஒரு நாழிகை 24 நிமிடம்; அதில் அறுபதில் ஒரு பங்கே வினாடி. அதாவது, இன்றைய கணக்கில் 24 நொடி. வினாடி வினா என்ற சொல்லை ஆக்கியவர்கள் இதை எண்ணியிருக்க வாய்ப்பில்லை. என்றாலும் நார்வேக்காரர்களின் கேள்வி நேரமும் நம் பழைய வினாடியும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிட்டன.

புள்ளிகள் வழங்கப்படும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சரியான விடையை உடனே அழுத்தினால் 1,000 புள்ளி. நேரம் செல்லச் செல்லப் புள்ளி குறையும். கடைசி நொடியில் சரியாகச் சொன்னால் ஏறத்தாழ 500. தவறுக்குச் சுழி. 20 நொடிக் கேள்வியில் 4ஆம் நொடியில் அழுத்தினால் 900, 16ஆம் நொடியில் அழுத்தினால் 600. இப்போது பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு திருப்புதலை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவி பத்தையும் சரியாக, ஒவ்வொன்றையும் 16ஆம் நொடியில் சொல்கிறாள். அவளுக்கு 6,000 புள்ளி. இன்னொருவன் ஏழை மட்டும் சரியாக, 4ஆம் நொடியில் சொல்கிறான், அவனுக்கு 6,300. மூன்று தவறு செய்தவன் மேலே நிற்கிறான். ஒன்றும் தவறாதவள் கீழே நிற்கிறாள். தொடர் வெற்றிக்கான கூடுதல் புள்ளி எதையும் இங்கே சேர்க்கவில்லை. வினாத்தாளில் இப்படி மதிப்பெண் போட்டால் எந்தப் பெற்றோரும் சும்மா இருக்க மாட்டார். விளையாட்டு என்பதால் யாரும் கேட்பதில்லை.

இதைக் கஹூட்டின் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் வாங் வெளியிட்ட ஆய்வு, ஐந்து மாதம் தொடர்ந்து ஆடிய பின்னும் மாணவர் ஆர்வம் சிறிதே தேய்ந்தது என்றும், அதைத் தாங்கி நிறுத்தியது முதன்மையாகப் போட்டியுணர்வே என்றும் கூறியது. 2020இல் அவரும் ராபையல் தாகிரும் சேர்ந்து 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். கற்றல், வகுப்பறைச் சூழல், மாணவரின் மனப்பான்மை, பதற்றம் ஆகியவற்றில் நல்ல விளைவுகள் இருப்பதைக் கண்டனர். மாணவர் சொன்ன இடர்களையும் அதே தொகுப்பில் பதிவு செய்தனர்: நம்ப முடியாத இணைய இணைப்பு, திரையில் படிக்கக் கடினமான எழுத்து, அழுத்திய விடையை மாற்ற முடியாமை, நேர நெருக்கடி, தோற்றுவிடுவோமோ என்ற அச்சம், ஒருமுறை தவறினால் மீண்டும் எட்டிப்பிடிக்க இயலாமை. இந்தப் பட்டியலில் பாதி கடிகாரத்தைப் பற்றியது.

கடிகாரத்தைத் தளர்த்தியவர்கள்

2015இல் அங்கித் குப்தாவும் தீபக் ஜாய் சீனத்தும் தொடங்கிய குவிசிஸ் இந்த இடத்தில் வேறு வழியைத் தேர்ந்தது. இருவரும் பெங்களூரில் ஒரு பள்ளியில், கணக்கில் பின்தங்கிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவர்கள். குவிசிஸில் கேள்வியும் விடைகளும் மாணவர் கையிலுள்ள கருவியிலேயே வரும். ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் போகலாம். ஒருவர் மூன்றாம் கேள்வியில் இருக்க, பக்கத்தில் இருப்பவர் எட்டாவதில் இருப்பார். தரவரிசையும் விரைவுக்கான புள்ளியும் அதிலும் உண்டு. ஆனால் ஆசிரியர் நேரக் கணக்கை அணைத்துவிடலாம். ஸ்கின்னர் 1953இல் கண்ட இரண்டாவது குறைக்கு இது நேரான விடை. இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு: எல்லோரும் ஒரே திரையைப் பார்த்து ஒரே நேரத்தில் 'ஐயோ' என்று கத்தும் அந்த நொடி இதில் கிடைக்காது. குவிசிஸ் 2025இல் வேகிரவுண்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

மாணவர்களே உண்டாக்கியவையும் இவ்வரிசையில் உள்ளன. கலிபோர்னியாவில் பள்ளி மாணவராக இருந்த ஆண்ட்ரூ சதர்லேண்ட், பிரெஞ்சுச் சொற்களை மனப்பாடம் செய்வதற்காக 2005இல் எழுதிய நிரலே குவிஸ்லெட் ஆயிற்று. 2016இல் வந்த அதன் லைவ் வடிவத்தில் தொடக்கத்தில் மாணவர்கள் குழுவாகவே ஆட வேண்டியிருந்தது. சரியான விடை குழுவில் யாரேனும் ஒருவர் திரையில் மட்டுமே இருந்ததால் பேசாமல் ஆட முடியவில்லை. கிம்கிட்டும் 2017இல் வாஷிங்டன் மாநிலப் பள்ளி மாணவர் ஒருவரின் செயல்திட்டமாகத் தொடங்கியதே.

இவை எல்லாவற்றையும்விட நம் பள்ளிகளுக்குப் பொருந்துவது பிலிக்கர்ஸ் என்று கருத இடமுண்டு. கலிபோர்னியாவின் கணித ஆசிரியர் ஒருவர் உருவாக்கியது அது. மாணவர் கையில் கருவி ஏதும் வேண்டாம். கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் அச்சிட்ட ஓர் அட்டை போதும். அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறாரோ அதுவே அவர் விடை. ஆசிரியர் தம் ஒரே கைப்பேசியின் படக்கருவியால் வகுப்பை ஒருமுறை வலமிருந்து இடமாகப் பார்த்தால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துப் பயனில்லை. யார் முதலில் உயர்த்தினார் என்ற கணக்கே அதில் கிடையாது.

தமிழில் ஆடும்போது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் வினாடி வினா வேறொரு வடிவில் பெருகியது. கூகுள் படிவத்தில் இருபது கேள்வி, எல்லாம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு சான்றிதழ். வாட்ஸ்அப் குழுக்களில் நாளுக்கு ஐந்தாறு இணைப்புகள் வந்தன. சான்றிதழ் சேர்ப்பதற்காகவே பலர் கலந்துகொண்டனர். ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். திருத்தும் பொறி அதில் இருந்தது, திருப்புதல் குறைவே. வீட்டில் ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடும் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

தமிழில் கேள்வி அமைப்போருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கஹூட்டில் ஒரு கேள்வி 120 குறிகளுக்குள்ளும், ஒவ்வொரு விடையும் 75 குறிகளுக்குள்ளும் இருக்க வேண்டும். நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் 'தமிழ்நாடு' கணினியின் கணக்கில் ஒன்பது குறி. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். ஆங்கிலத்தில் எளிதாக அடங்கும் கேள்வி தமிழில் வெட்டுப்படும். கடிகாரம் மட்டும் இரு மொழிக்கும் ஒன்றே. தமிழில் அமைக்கும்போது நேரத்தைக் குறைந்தது 30 அல்லது 60 நொடியாகக் கூட்டி வைப்பது நல்லது. அமைப்பில் 240 நொடி வரை இடமிருக்கிறது.

இக்கட்டுரையாளர் பணி ஓய்வுக்குப் பின் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலுக்குத் தன்னார்வலராகத் திருப்புதல் நடத்தியபோது, கணினி அறையில் கஹூட் ஆடச் செய்வது வழக்கம். ஒரு மாணவி எப்போதும் கடைசி நால்வருள் ஒருத்தியாகவே இருந்தாள். அவளுக்குப் பாடம் ஏறவில்லை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மின்சாரம் போனதால் அதே பத்துக் கேள்விகளைத் தாளில் எழுதச் சொன்னபோது அவள் ஒன்பதைச் சரியாக எழுதியிருந்தாள். கேட்டதற்கு, "கேள்விய ரெண்டு தடவ படிச்சாத்தான் சார் எனக்குப் புரியும். அதுக்குள்ள எல்லாரும் அமுக்கிடுறாங்க. நானும் எதையாவது அமுக்கிடுவேன்" என்றாள்.

அடுத்த வாரம் நேரக் கணக்கு இல்லாமல் நடத்தினேன். அவள் ஆறாமிடத்துக்கு வந்தாள். ஆனால் வழக்கமாக முதலில் வரும் பையன்கள், "சப்புன்னு இருக்கு சார்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அறையில் அன்று சத்தமே இல்லை. பிறகு இரண்டு சுற்றாக ஆக்கினேன். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனியே, கடிகாரம் இல்லாமல். இரண்டாம் சுற்றில் பெஞ்சுக்கு ஒரு குழு; கடிகாரத்தோடு, கூச்சலோடு. குழுவில் கேள்வியைச் சத்தமாகப் படிப்பவர் ஒருவர், அமுக்குபவர் ஒருவர். அந்த மாணவியின் பெஞ்சில் அவள் சொல்லும் வரை அமுக்கக் கூடாது என்று அவர்களே ஒரு விதி செய்துகொண்டார்கள்.

விளையாட்டு முடிந்ததும் தரவிறக்கிக்கொள்ளும் அறிக்கையைப் பல ஆசிரியர்கள் திறப்பதே இல்லை. கேள்விவாரியாக எத்தனை பேர் எதைத் தேர்ந்தார்கள் என்பது அதில் இருக்கும். முதல் சுற்றின் அறிக்கையில் வகுப்பில் பாதிக்கு மேல் தவறிய கேள்வி ஒன்று இருந்தது: 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் யார்? புதிய தலைப்பாகையைப் புகுத்திய படைத்தளபதி ஜான் கிரடாக்கை அவர்கள் ஆளுநர் என்று எண்ணியிருந்தார்கள். வில்லியம் பெண்டிங்கை 1857க்கு முன் எங்கோ வைத்திருந்தார்கள். மறுநாள் வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினேன்.